அரக்கி அரக்கி

ஜனவரியில் அடுப்பை ஒட்டிய சுவர் மட்டும்தான் சூடு.
அங்கிருந்து வாசல்வரை
ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி,
நீட்டிய குதிகாலைக் கம்பளத்தில் ஊன்றி
உடம்பைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு
உட்கார்ந்தபடி வருகிறான் எசென்.
தவழ்ந்ததே இல்லை.
குப்புறப் போட்டால் கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு
யாராவது திருப்பட்டும் என்று கிடப்பான்.

அவன் கால்சட்டைகளில் முழங்கால் புதுசு.
பின்புறம் ஒட்டின்மேல் ஒட்டு.
மூன்றாவது ஒட்டுக்கு என் பழைய தொப்பியை வெட்டினேன்.

எதிர்வீட்டு ஜீபெக்கின் மகள் பத்தாம் மாதம் நடந்தாள்.
அக்டோபரில் அவளுக்குக் கயிறு அறுத்தார்கள்.
கறுப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய ரோமக் கயிறு
இரண்டு கணுக்காலையும் கட்டியிருக்க,
பால் சேகரிப்பு நிலையத்திலிருந்து பிள்ளைகள் ஓடிவர,
முதலில் வந்தவன் கையில் கத்தி.
அறுத்தான், நடந்தாள், கை தட்டினோம்.
என் மடியில் எசெனும் தட்டினான்.
கை தட்ட அவனுக்கு எட்டாம் மாதமே தெரியும்.

அன்று இரவே நானும் ஒரு கயிறு முறுக்கினேன்.
மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

பதினேழாம் மாதம்
செவிலி உம்சுனை பனி உதறிக்கொண்டு வந்தார்.
அக்குளில் கைகொடுத்துத் தூக்கி
கால்களை மேசையில் வைக்கப் பார்த்தார்.
அவன் வைக்கவில்லை.
இரண்டு காலையும் முன்னால் நீட்டிக்கொண்டு
காற்றின்மேல் உட்கார்ந்தான்,
அங்கே ஒரு நாற்காலி இருப்பதுபோல.
பிறகு திடீரென்று அவனைத் தலைகீழாய்த் தரையை நோக்கிச் சாய்த்தார்.
எனக்கு மூச்சு நின்றது.
அவனுக்கு முன்பே அவன் கைகள் போய்
விரல் விரித்துத் தரையைப் பிடித்தன.
"பயம் தெரிகிற கை. நல்ல கை" என்றார்.
முழங்காலைத் தட்டினார். இடுப்பை மடக்கி விரித்தார்.
பேனாவை ஊதிச் சூடாக்கிக்கொண்டே கேட்டார்:
"இப்படி அரக்கினது யார்? உன் பக்கமா, அவர் பக்கமா?"

நோவசிபிர்ஸ்க்கில் லாரிக்கு அடியில் படுத்திருந்த
என் கணவனை அழைத்தேன்.
அவன் தன் அப்பாவை அழைத்தான்.
மாமனார் பதில் அனுப்பினார்:
நடந்தது ஞாபகமில்லை.
குதிரைமேல் ஏற்றியது ஞாபகமிருக்கிறது.

உம்சுனை சிரித்தார், குறிப்பேட்டில் எழுதவில்லை.
கழுத்து நின்றது, தேதி.
உட்கார்ந்தது, தேதி.
தவழ்ந்தது என்ற கட்டத்தில் ஒரு கோடு கிழித்தார்.
நடந்தது என்ற கட்டத்தை வெறுமனே விட்டார்.
இருபது மாதம்வரை பொறு, அப்புறம் நகரத்துக்கு எழுதித் தருகிறேன்.
பொறு என்பதை எழுத அதில் கட்டம் இல்லை.

பொறுத்தேன் என்று சொல்ல முடியாது.
தூங்குகிறவனின் பாதங்களைத் திருப்பிப் பார்த்தேன்.
எதையும் மிதிக்காத பாதம்
அப்பத்துக்கு வைத்த மாவுபோல மெத்தென்றிருந்தது.
ஒருமுறை கோபத்தில் அந்தப் பாதத்திடம்
போதும் என்றேன், சத்தமாக.

மார்ச், ஒரு செவ்வாய். ரொட்டிக்கு மாவெடுக்க
டப்பாவை நகர்த்தியதில் கயிறு நழுவி
அலமாரி விளிம்பில் தொங்கியது.
கதவோரத்திலிருந்து எசென் அரக்கி அரக்கி வந்தான்.
அலமாரிக் காலைப் பிடித்தான். எழும்பினான்.
ஒரு கைக்குக் கயிற்றின் நுனி எட்டியது.
இழுத்தான், வரவில்லை.
இன்னொரு கையையும் அலமாரியிலிருந்து எடுத்துக்
கயிற்றுக்கே கொடுத்தான்.

மாவுக் கையோடு நான் அசையவில்லை.
பேர் சொல்லிக் கூப்பிட்டால்
நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.
பெருவிரல்கள் கம்பளத்தைப் பிறாண்டின.
தொப்பை முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வந்தது.
மூக்கில் நீர் ஒழுகியது, அதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

கயிறு வந்துவிட்டது.
வந்ததும் தொப்பென்று உட்கார்ந்தான், ஒட்டுகளின்மேல்.
ஒரு நுனியை வாயில் வைத்தான்.

உம்சுனைக்குத் தொலைபேசியில் சொன்னேன்.
"எத்தனை வினாடி?" என்றார்.
மாவு பிசைந்த கையில் எண்ண வரவில்லை என்றேன்.
கயிற்றை அவனிடமிருந்து வாங்க மனமில்லை.
கறுப்பு இழை தெரியாத அளவுக்கு
எச்சிலில் ஊறிக்கொண்டிருந்தது.